பாதி ரோட்டுக்கு மெம்பர்

எம்.எல்.ஏ.வின் வலது கையில் நான் ஒரு கரண்டி பஞ்சாமிர்தத்தை வைத்துவிட்டேன்.

பெங்களூரில், எம்.எல்.ஏ.க்கள் தங்கும் பவனத்தில், அவருடைய அறை வாசலில் நடந்தது இது. காலை நேரம். அவர் சலவை மடிப்புக் கலையாத வேட்டி சட்டையோடு சபைக்குக் கிளம்பி நிற்கிறார். கீழே கார் உறுமிக்கொண்டிருக்கிறது. எங்கள் மேயரம்மா என் முதுகில் விரலால் குத்துகிறார், சீக்கிரம் பேசு என்று. எனக்கானால் எதிலிருந்து தொடங்குவதென்று புரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல்தான் பையிலிருந்த டப்பாவைத் திறந்தேன்.

எங்கள் வீதி மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகம் செய்த பஞ்சாமிர்தம் அது. நஞ்சன்கூட்டு ரசவாழை, வெல்லம், தேன், நெய், பேரீச்சை, கொஞ்சம் ஏலக்காய். ரசவாழை சேர்ந்தால் அது கெட்டியாக நிற்காது. விரல் இடுக்கில் இறங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுக்க முடியவில்லை. பிரசாதம் வாங்குகிறவர்கள் வலது கைக்கு அடியில் இடது கையைத் தாங்கிக் கொடுப்பார்கள் அல்லவா, அப்படித்தான் அவரும் வாங்கினார். வழிந்தது இடது கையிலும் இறங்கிவிட்டது. போன் அடித்து ஓய்ந்தது. அவர் செருப்பை ஒரு காலால் இன்னொரு காலிலிருந்து கழற்றி ஓரமாகத் தள்ளினார்.

"அம்மன் பிரசாதம். சிந்தக் கூடாது," என்றார் கன்னடத்தில். நிதானமாக நக்க ஆரம்பித்தார்.

அந்தக் கை சுத்தமாகும் வரைக்கும் இந்த மனுஷர் எங்கேயும் போக மாட்டார். எத்தனையோ மாதமாக நாங்கள் தேடி அலைந்த நேரம் இதுதான்.

எதற்கு அலைந்தோம் என்பதைச் சொன்னால்தான் அந்த நேரத்தின் அருமை உங்களுக்குப் புரியும்.

பாதித் தார்

நான் தேர்தலில் நின்ற கதையைப் போன வாரம் படித்துவிட்டு, திருப்பூரிலிருந்து ஒரு வாசகி, "மாநகராட்சி மெம்பர் ஆனீர்கள், சரி. அப்புறம் என்னதான் வேலை?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என் வேலை பாதி ரோட்டுக்குத்தான், அம்மா.

மைசூருக்குக் கிழக்கோரம் எங்கள் வீதி. கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். நானும் அந்தப் பக்கம்தான். வீதியின் மேற்குப் பக்கம் மாநகராட்சி. கிழக்குப் பக்கம் கிராமப் பஞ்சாயத்து. நடுரோட்டில் ஓடுகிறது மைசூர் நகரத்தின் எல்லை.

ஏதோ வரைபடத்தில் மட்டும் இருக்கும் கோடு என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணால் பார்க்கலாம். மாநகராட்சி தார் போட்டபோது காண்டிராக்டர் கயிறு பிடித்து அளந்து, சரியாக நடுவில் நிறுத்திவிட்டார். பாதி ரோடு கறுப்பு, பாதி செம்மண். சாக்கடைக் குழாயும் எங்கள் பக்கத்தோடு சரி. குப்பை வண்டியும் அப்படியே.

மேஸ்திரி வேலை செய்யும் என் வீட்டுக்காரர் முதல் நாள் அந்த ரோட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் சவரம் பண்ணிட்டு எந்திரிச்சு வந்த மாதிரி இருக்குது," என்றார்.

எங்கள் மாரியம்மன் இருப்பது கிழக்குப் பக்கம். அவள் பஞ்சாயத்து அம்மன். நாங்கள் மாநகராட்சி பக்தர்கள். தினமும் காலையில் எல்லை தாண்டிப் போய்த்தான் கும்பிட வேண்டும்.

கோயிலுக்கு ஒட்டினாற்போல் இருப்பது என் நங்கையா வீடு. நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பேர் பார்வதி. கணவர் போன பிறகு தனியாக இருந்து, காலையில் இட்லிக் கடை போட்டு, மகளைக் கட்டிக் கொடுத்தவள். அவள் வாசலும் என் வாசலும் நேருக்கு நேர். ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி "நூறு" என்போம்.

அந்த வீட்டுக் குப்பை தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்துவிடும். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து என் பக்கெட்டில் போட்டுவிட்டுப் போவாள். மெம்பர் வீட்டிலேயே எல்லை தாண்டிய குப்பைக் கடத்தல். குப்பை வண்டி டிரைவர் சித்தராஜுவுக்கு எல்லாம் தெரியும்.

"மெம்பரம்மா, நீங்க ரெண்டே பேரு. குப்ப மட்டும் கல்யாண வீட்டுக் குப்ப மாதிரி இருக்குதே," என்பான்.

நான் வானத்தைப் பார்ப்பேன்.

நங்கையா வைத்த கெடு

குப்பையைக் கடத்தலாம். மழைத் தண்ணீரை எங்கே கடத்துவது?

மேற்குப் பக்கம் மேடு, கிழக்குப் பக்கம் பள்ளம். மழை பிடித்துவிட்டால் ஊர்த் தண்ணீரெல்லாம் செம்மண் பக்கம் இறங்கிவிடும். அங்கே குழாய் கிடையாது. பஞ்சாயத்து வெட்டிய மண் சாக்கடை ஒன்று உண்டு, அது நிரம்பிக் கோயில் படிக்கு ஏறும். அப்புறம் நங்கையாவின் அடுப்படிக்குள் போகும்.

ஒரு ஐப்பசி மழையில் இட்லி மாவுக் குண்டான் வீட்டுக்குள் மிதந்தது. மிதந்த குண்டானைப் பிடித்துக்கொண்டு நங்கையா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மிணி, இன்னொரு மழைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். வீட்ட வித்துப்போட்டு ஹனூருக்கே போயிருவேன். தண்ணி வரும்னு பயந்துட்டுக் கட்டிலு மேல ஒக்காந்து தூங்கறதுக்கு இந்த வயசுல தெம்பில்ல."

அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

குழாயை இன்னும் இருபது அடி நீட்ட என்னால் முடியாதா? முடியாது. எல்லை தாண்டி மாநகராட்சி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. எல்லையை நகர்த்த வேண்டும். அது மேயர் கையில் இல்லை, கமிஷனர் கையில் இல்லை. மாநில சர்க்கார் உத்தரவு போட வேண்டும். அதை வாங்கப் பெங்களூர் போய் மந்திரிகளையும் எம்.எல்.ஏ.க்களையும் பிடிக்க வேண்டும். ஊரையே ஆள்கிற மாநகராட்சி, பெங்களூர் வாசலில் மனு கொடுக்க நிற்கும் பெண்பிள்ளையாகிவிடும். இதை மெம்பரான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் எட்டாவது வரை, அதுவும் கன்னடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து பஜனைப் புத்தகத்தை வைத்து நானே கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டது. கௌன்சிலில் எழுந்து பேசப் பயம். ஆனாலும் அம்மனை நினைத்துக்கொண்டு எழுந்தேன். "எங்க சாமி ஊருக்கு வெளியில நிக்கிறாங்க. உள்ள கூப்பிடுங்க," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது. எங்கள் வீதியோடு பக்கத்து லேஅவுட்டுகளையும் நகரத்தில் சேர்க்க வேண்டும் என்று.

தலைப்பாகை யாத்திரை

மேயரம்மா உற்சாகமான மனுஷி. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். "பாக்யம்மா, நீயும் வா. உன் வீதி, உன் வாய்," என்று என்னையும் முதல் பயணத்துக்குச் சேர்த்துக்கொண்டார்.

மைசூர்க்காரர்கள் யாரையாவது பார்க்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டோம். ஜரிகை வைத்த மைசூர் பேட்டா, அதாவது தலைப்பாகை, ஒரு சால்வை, தேவராஜ மார்க்கெட் மல்லிகை மாலை, ஒரு டப்பா மைசூர்பாகு. அது எங்கள் மரியாதை. முந்தின நாள் மார்க்கெட்டில் நின்று மாலையெல்லாம் நானே பார்த்து வாங்கினேன். பூக்காரர், "யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டார்.

வேன் முழுக்கத் தலைப்பாகை. சட்டசபை இருக்கும் விதானசௌதாவுக்குள் அதைச் சுமந்துகொண்டு மாடி மாடியாக ஏறினோம்.

ஒவ்வொரு அறையிலும் ஒரே மாதிரிதான் நடந்தது. எம்.எல்.ஏ. சிரித்தபடி எழுந்திருப்பார். தலையில் பேட்டா. தோளில் சால்வை. கழுத்தில் மாலை. எல்லோரும் அவரைச் சுற்றி நெருங்கி நிற்போம், போட்டோ. போட்டோ எடுத்தாகிவிட்டால் வந்த காரியம் முடிந்தது என்று அவருக்கு அர்த்தம். "ஆகட்டும், செய்யலாம்" என்பார். என்ன செய்யலாம் என்று அவரும் கேட்க மாட்டார், நாங்களும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். அதற்குள் பின்னால் மண்டியா ஊர்க்காரர்கள் அவர்கள் பங்குக்கு ஒரு கரும்புக் கட்டோடு நிற்பார்கள்.

அந்தக் கிழக்குப் பக்கத்துக்கு எம்.எல்.ஏ. இருக்கிறாரே, எல்லையை நகர்த்தக் கூடாது என்று குறுக்கே நின்றவர், அவருக்கும் வைத்தோம். எல்லோரையும்விட அழகாக அவருக்குத்தான் பேட்டா பொருந்தியது.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. மேயர் எம்.எல்.ஏ.வைக் கௌரவித்தார் என்று கீழே போட்டிருந்தார்கள். எதற்காக என்று போடவில்லை. அவர் பிறந்தநாள் என்று நினைத்து நாலைந்து பேர் வாழ்த்துச் சொன்னார்களாம்.

மேயரம்மா பேப்பரை மடித்து வைத்தார். "எல்லார் தலை மேலயும் வெச்சோம் பாக்யம்மா. ஒருத்தர் தலைக்குள்ளயும் போகல."

வீட்டுக்கு வந்ததும் நங்கையா கேட்டாள்: "என்ன சொன்னாங்க?"

"பேட்டா நல்லா இருக்குதுன்னாங்க."

"எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா. மழை பேஞ்சா தண்ணி மொள்ளறதுக்கு ஆகும்."

கை நிறையப் பஞ்சாமிர்தம்

இரண்டாவது முறை போகும்போது மேயரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேட்டா இல்லை, மாலை இல்லை, போட்டோகிராபர் இல்லை. இரண்டே பேர். அவருடைய மேயர் காலமும் முடிய இருந்தது. அதற்குள் குறுக்கே நின்ற அந்த ஒருவரையாவது வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் பிரசாதம் கொண்டுபோனது தந்திரத்துக்காக இல்லை. அம்மன் சாட்சி. வெள்ளிக்கிழமை அபிஷேகப் பிரசாதம், பயணம் போகிறவள் எடுத்துப் போனேன், அவ்வளவுதான்.

இப்போது அந்த அறை வாசலுக்கு வாருங்கள். அவர் இரண்டு கையும் பிசுபிசுக்க நின்றுகொண்டிருக்கிறார். மேயரம்மா தொடங்கிவிட்டார். எம்.எல்.ஏ. கன்னடத்தில் சொன்ன பதிலைத் தமிழில் எழுதுகிறேன். கந்தாயம் என்றால் வீட்டு வரி.

"மேயரம்மா, நீங்க கேப்பீங்க. உங்களுக்குக் கந்தாயம் வருது. நாளைக்கு அந்த ஜனங்க வீட்டு வரி ஏறிப்போச்சுன்னு என் வாசல்லதானே வந்து நிப்பாங்க? பஞ்சாயத்துல மெம்பருங்க என்னைத் திட்டுவாங்க. ஓட்டுக்குப் போறவன் நான். அந்தப் பக்கத்துலேர்ந்து சிட்டிக்கு வரோம்னு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எங்கிட்ட சொன்னதில்ல."

நியாயமான பேச்சு. அவரைக் கெட்டவர் என்று நினைத்திருந்தேன். எனக்கு இருக்கும் அதே பயம்தான் அவருக்கும்.

"நான் சொல்ல வைக்கிறேன் சார்," என்றேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. போனை எடுத்து நங்கையாவைக் கூப்பிட்டேன். அவர் கையால் வாங்க முடியாதே, அதனால் ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"என்ன அம்மிணி, காலங்காத்தால? போய்ச் சேந்தியா? சாப்டியா?"

"சேந்தாச்சுங்க நங்கையா. ஒண்ணு கேக்கோணும். நம்மளச் சிட்டில சேத்தா கந்தாயம் ஏறும். நீங்க கட்டுவீங்களா?"

"இதக் கேக்கறதுக்கா பெங்களூரு போன? இங்கயே கேட்டிருக்கலாமே."

மேயரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்க நங்கையா."

"கட்டறேன். இட்லி வித்தாவது கட்டறேன். கட்டிப்போட்டா ஆபீசுக்குள்ள போயி நின்னு, எங்கடா என் சாக்கடைன்னு கேப்பேன்ல. இப்ப எவனக் கேக்கறது? இவனக் கேட்டா அவன்ங்கறான், அவனக் கேட்டா இவன்ங்கறான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த எம்.எல்.ஏ. ஓட்டுக் கேக்க வந்தாரே, வெள்ளச் செருப்பப் போட்டுட்டு. கோயிலு வாசல்ல சாக்கடையத் தாண்டறதுக்கு ரெண்டு பேரு தோளுல கை போட்டுத் தூக்கி விட்டாங்களே. அவரப் பாத்தா சொல்லு. மழை வந்தா என்னைத் தூக்கி விட ஆளில்லேன்னு."

ஓரமாகக் கிடந்த அவருடைய செருப்பைப் பார்த்தேன். வெள்ளை.

அவருக்குத் தமிழ் தெரியாது என்று ஒரு கணம் நம்பினேன். மைசூரில் யாருக்குத்தான் தெரியாது? அவர் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தார்.

"நான்தான் அம்மா. வெள்ளைச் செருப்பு," என்றார், தமிழில்.

அந்தப் பக்கம் இட்லிப் பானையின் மூடி தடதடத்தது.

"அப்பக் கேட்டுட்டீங்க," என்றாள் நங்கையா. "இன்னொருக்காச் சொல்ல வேண்டியதில்ல. இட்லி வெந்துருச்சு, வெக்கறேன்."

வைத்துவிட்டாள்.

அவர் சிரித்தார் பாருங்கள். தோள் குலுங்கக் குலுங்க. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கைக்கு ஊற்றினேன். கழுவித் துடைத்துக்கொண்டு மேயரம்மாவைப் பார்த்தார். "நான் குறுக்கே நிக்கல. சபையில கேள்வியும் நானே கேக்கறேன். நீங்க சொல்லி நான் செஞ்ச மாதிரி வேண்டாம், நானே கேட்ட மாதிரி இருக்கட்டும்."

"யார் கேட்டா என்ன சார், எங்களுக்கு ரோடு முழுசானா சரி," என்றார் மேயரம்மா.

நாங்கள் படி இறங்கும்போது எம்.எல்.ஏ. மேலேயிருந்து கூப்பிட்டார். "அந்த டப்பாவ விட்டுட்டுப் போங்கம்மா. வீட்ல இருக்கறவங்களுக்கும் வேணும்."

அன்று சாயங்காலம் கோயிலில் விளக்குப் போட்டபோது எனக்கு உறுத்தியது. அம்மா தாயே, உன் பிரசாதத்தைக் கொடுத்து ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "அவ வாசல்லதான சாக்கடை நிக்குது? உன்ன அனுப்பி அவளே பேசியிருப்பா," என்றார்.

சபையில் எங்கள் வீதி

கேள்வி வரும் நாளன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார மேயரம்மா பாஸ் வாங்கிவிட்டார். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. கோயில் மாதிரிதான் இருந்தது, சாமிகள் மட்டும் சத்தம் போட்டார்கள்.

அந்த எம்.எல்.ஏ. எழுந்தார். மைசூர் நகரத்தின் கிழக்கு எல்லை என்று ஆரம்பித்தார். "ரோட்டின் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கிராமம். அந்தக் கிராமப் பக்கத்தில் ஒரு தாய் சொல்கிறார், வரி கட்டத் தயார், கேட்பதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்று."

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. காவலர் கண்ணை உருட்டிக் கையைக் கீழே காட்டினார். மேயரம்மா புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். இட்லி வேக வைத்துக்கொண்டே என் நங்கையா பேசிய பேச்சு அந்தப் பெரிய மண்டபத்தில் ஒலிக்கிறது. அவளோ அங்கே சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள்.

மந்திரி எழுந்து பதில் சொன்னார். "பரிசீலனையில் இருக்கிறது." உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றேன் மெதுவாக.

"இல்லன்னு சொல்லலயே," என்று மேயரம்மா என் காதில் சொன்னார். "இந்தக் கட்டடத்துல அதுவே பாதி ஆமா."

அது முழு ஆமாவாக ஆவதற்கு ரொம்ப நாளாயிற்று. அதற்குள் மேயரம்மாவின் காலம் முடிந்தது. ஆனாலும் என்னோடு பெங்களூர் வருவதை அவர் நிறுத்தவில்லை. "இப்ப நான் மேயர் இல்ல, உன் துணைக்கு வர்றவ," என்று ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொள்வார். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்பு வந்தது. பஞ்சாயத்தில் சிலர் சொன்னார்கள். அவர்களிடம் எம்.எல்.ஏ.வே உட்கார்ந்து பேசினார்.

நடுவில் ஒரு மழையும் வந்தது. நங்கையா வீட்டுக்குள் தண்ணீரும் வந்தது. வீடு கேட்டு ஒரு புரோக்கர் வந்து போனார். நங்கையா பிழிந்த துணியோடு என் வாசலுக்கு வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெள்ளச் செருப்பு வாக்குக் குடுத்திருக்குது," என்றாள். "இன்னொரு மழை பாக்கலாம்."

முதல் வண்டி

உத்தரவு வந்த பிறகும் குழாய்க்கு முன்னால் வந்தது குப்பை வண்டிதான். வண்டிக்குப் பள்ளம் தோண்ட வேண்டியதில்லையே.

அன்று முதல் கிழக்குப் பக்கமும் வரும் என்று எனக்கு முந்தின நாளே தெரியும். வீதிக்கே சொல்லிவிட்டேன். விடியும்போதே கிழக்குப் பக்கம் முழுக்கக் கோலம். நங்கையா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப் புடவையில் நிற்கிறாள். ஒரு கையில் ஆரத்தித் தட்டு. காலடியில் குங்குமம் தடவிய பூசணிக்காய், உள்ளே கற்பூரம்.

சித்தராஜுவின் வண்டி பாட்டுப் போட்டபடி வந்தது. தார் முடியும் இடத்தில் வழக்கம்போல ஒரு நிமிஷம் நின்றது, பழக்கதோஷம். அப்புறம் மெதுவாகத் திரும்பி, முன் சக்கரம் செம்மண்ணில் இறங்கியது. யாரோ குலவை போட்டார்கள். வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நங்கையா சித்தராஜுவுக்கு ஆரத்தி சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். அவன் நெளிந்தான்.

"அம்மா, இது குப்ப வண்டி. புது கார் இல்ல."

"எங்களுக்கு இதுதான் தேரு. பேசாம நில்லு."

பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கி வண்டிக்கு முன்னால் ஒரே போடு. சிதறிச் செம்மண்ணிலும் தாரிலும் ஓடியது.

சித்தராஜு கீழே பார்த்தான். சிவப்பும் வெள்ளையுமாக ரோடு முழுக்கப் பூசணி.

"நல்லாத்தான் ஒடச்சீங்க. பைக்குல வர்றவன் வழுக்கி விழுவான். இத இப்ப யாரு அள்றது?"

நங்கையா பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓரமாகச் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீதான்," என்றாள். "நான் கந்தாயம் கட்டறேன்ல."